நான்கு துளைப் பொத்தான்

ஜனவரி 28

என் ஊசிக்கு,

உன் பாட்டி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. முட்டி மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஹாஸ்டலில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கமாட்டேன். கேட்டால் ஆமாம் என்று எழுதுவாய், நான் நம்பமாட்டேன். எதற்கு வீணாக மை?

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். லீவுக்கு வந்தவள் நான்கு நாளும் என்ன செய்தாய்? நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அடுப்பைப் பற்றவைத்தால் நோட்டில் எழுதிக்கொண்டாய். சாவி தேடினால் எழுதிக்கொண்டாய். போலீஸ்காரன்கூடத் திருடனை அவ்வளவு நேரம் பார்க்கமாட்டான். கேட்டால், வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாய். இத்தனை வயது வரைக்கும் வளர்த்து, சட்டை தைக்கிற கடையிலிருந்து விடுவித்து டிசைன் படிக்க அனுப்பினேன். கிழவியை முறைத்துப் பார்ப்பதற்கு ஒரு படிப்பா?

போகும்போது கதவோரம் ஒரு துணியைத் தொங்கவிட்டுப் போனாயே, அது இன்னும் தொங்குகிறது. கறுப்புத் துணி, குறுக்கே ஐந்து கயிறு, கயிற்றுக்கு ஒரு பெரிய பொத்தான். அடுப்பை அணைத்தால் சிவப்பை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் தள்ளணும். மாத்திரை போட்டால் வெள்ளை. சாவி எடுத்தால் மஞ்சள். காலையில் எல்லாவற்றையும் மறுபடி இடப்பக்கம் கொண்டுவரணும். உனக்காகத்தான் தள்ளுகிறேன். எனக்கு எதற்கு இது? எனக்கு இருக்கிற நினைவு இந்தக் கட்டடத்தில் யாருக்கு இருக்கிறது? உன் அப்பன் கல்யாணத்தன்று கட்டியிருந்த கைக்கடிகாரம் இரவல். பத்தாம் நாள் சொந்தக்காரன் வந்து வாங்கிப் போனான். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கழற்றும்போது முள் நாலேகாலில் நின்றிருந்தது. இதைவிட என்ன வேண்டும்?

ஒரு சேதி. கீழ்வீட்டுக் கடிகாரக்காரர் போன வாரம் ஸ்டூலில் ஏறிச் சுவர்க்கடிகாரத்தை மாட்டப்போய் விழுந்து காலை முறித்துக்கொண்டார். பாவம், அந்த மனுஷனுக்கு யார் இருக்கிறார்கள்? நான்தான் தினமும் எட்டிப் பார்க்கிறேன்.

கம்பளிச் சட்டை சேர்ந்ததா? கழுத்துப் பட்டியை உள்பக்கம் இரட்டையாகத் தைத்திருக்கிறேன். அறுக்காது.

உன் பாட்டி

*

பிப்ரவரி 9

என் கோபக்காரப் பாட்டிக்கு,

உன் கடிதத்தை ஹாஸ்டலில் சத்தமாகப் படித்தேன். அப்பாவின் கைக்கடிகாரம் வந்ததும் எல்லோரும் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள். கம்பளிச் சட்டை டிசம்பரிலேயே வந்துவிட்டது பாட்டி. லீவுக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தேன். அறுக்கவே இல்லை.

பொத்தானைத் தவறாமல் தள்ளு. தயவுசெய்து.

முறைத்துப் பார்க்கிற படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் மிஸ் முதல் நாளே சொன்னார்கள்: "டிசைன்னா அழகு பண்றதுன்னு நினைச்சுட்டு வந்திருந்தா இப்பவே கிளம்புங்க. ஒருத்தர் தினமும் எந்த இடத்துல தடுமாறுறாங்கன்னு பொறுமையா உக்காந்து பாக்கணும். வாயை மூடிட்டுப் பாக்கணும்." எங்கள் வகுப்பில் இருபத்துநாலு பேர். எல்லோரும் நம் கட்டடம் மாதிரிக் கட்டடத்திலிருந்து வந்தவர்கள்தான். பாதிப் பேர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். ஸ்பேனர் என்று ஒருவன் இருக்கிறான், மெக்கானிக் கடையில் இருந்தவன். "எங்க அம்மா எந்த இடத்துல தடுமாறுவாங்கன்னு பாக்க வேணாம் மிஸ், என்னைப் பெத்த இடத்துலதான்" என்றான். மிஸ்ஸே சிரித்துவிட்டார்கள்.

எங்கள் வகுப்புக்கு ஒரு கம்பெனி மிஷின் தருகிறது, துணி தருகிறது, வாரம் இரண்டு நாள் தன் ஆட்களை அனுப்பிச் சொல்லித்தருகிறது. நாங்கள் செய்கிற பொருள் தேறினால் அதை நாங்களே தொழிலாக நடத்தலாம். கம்பெனி தன் கடைகளில் வைத்து விற்கும். ஐந்து பேரைத்தான் எடுப்பார்கள். பாட்டி, அந்த ஐந்தில் நான் இருக்கிறேன்! உன் பழைய கம்பெனிதான், உனக்குத் தெரியுமே. அங்கே நுழையும்போதெல்லாம் நீ நடந்த இடம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீ சரி என்று சொன்னதற்கு மிஸ் நன்றி சொல்லச் சொன்னார்கள். மார்ச் 8, சனிக்கிழமை, கம்பெனிக் கூடத்தில் கண்காட்சி. என் பொருளை நீ வந்து பார்க்கணும். கடிகாரக்காரர் மாமாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வா.

உன் ஊசி

*

பிப்ரவரி 17

ஊசிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மூன்றாம் தரம் ஒரு வரியில் நின்றுவிட்டேன்.

"உன் பழைய கம்பெனிதான், உனக்குத் தெரியுமே." எனக்குத் தெரியுமா? யாருடி சொன்னது? இப்போது உன் கடிதத்தில்தான் பார்க்கிறேன். சட்டையை விட்டுவிட்டு வீட்டுச் சாமான் செய்கிறது, பேரையும் பாதி மாற்றிக்கொண்டது என்று கடிகாரக்காரர் சொல்கிறார். ஆள் சட்டை மாற்றினால் எனக்கு அடையாளம் தெரியாதா? உலகத்தில் வேறு கம்பெனியே கிடைக்கவில்லையா உனக்கு?

உனக்கு முழுக்கதை சொன்னதில்லை. கேட்டுக்கொள்.

எனக்குப் பதினேழாம் தையல் மிஷின். ஊசி உடைந்தால் உடைந்த துண்டு அத்தனையும் கைக்கு வரும்வரை லைன், அதாவது எங்கள் மிஷின் வரிசை, ஓடாது. சட்டைக்குள் ஒரு துண்டு போய்விட்டால் போடுகிறவன் கழுத்தில் குத்துமே. முப்பத்திரண்டு பெண்கள் தரையில் மண்டியிட்டுத் தேடுவோம். ஒரு நாள், ஒரு துண்டுக்கு ஒன்றரை மணிநேரம். அன்றைக்கு எல்லோருக்கும் வேலை குறைந்தது, எல்லோரும் திட்டு வாங்கினோம். மறுநாள் நான் வீட்டிலிருந்த பழைய ரேடியோவின் ஸ்பீக்கரைப் பிரித்துக் காந்தத்தை எடுத்தேன். அதை அடிஸ்கேல் நுனியில் வைத்துத் துணியால் சுற்றித் தைத்தேன். மிஷினுக்கு அடியில் ஒரு இழுப்பு, துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான். ஒரு மாதத்தில் எல்லா லைனிலும் அந்தக் கோல்.

எங்கள் சூப்பர்வைசரை சென்ட்டு என்போம். அவன் வருவதற்கு முன்பே அவன் வாசனை வந்துவிடும். சென்ட்டு ஒரு காகிதத்தை நீட்டினான். "வருகைச் சீட்டு, குறி போடு" என்றான். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. உன் அம்மாவின் பள்ளிக்கூட நோட்டைப் பார்த்து நான் எழுதக் கற்றது அதற்குப் பிறகு. என் சட்டைக் கட்டுகளுக்கு அடையாளமாக ஒரு வட்டம் போட்டு உள்ளே நாலு துளை வைப்பேன், பொத்தான் மாதிரி. அதுதான் என் கையெழுத்து. போட்டேன். அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டு அறைச் சுவரில் சென்ட்டுவின் படம். கீழே, காந்தக்கோல் கண்டுபிடித்தவர். அந்தக் காகிதத்தில், யோசனை அவனுடையது, நான் தைத்துக் கொடுத்தவள் என்று இருந்ததாம். பதினோரு வருஷம் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டேன் ஊசி. அவன் போட்டிருந்த டைகூட எனக்குத் தெரியும். நீலத்தில் வெள்ளைப் புள்ளி, மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளி அழிந்திருந்தது.

அன்றைக்கு ஒன்று முடிவு செய்தேன். எந்தக் காகிதத்தையும் மூன்று தரம் படித்துக் காட்டாமல் என் குறி விழாது. இன்றுவரை விழுந்ததில்லை. குறிக்குள் ஒரு ரகசியமும் வைத்தேன். அதை உன் அம்மாவுக்கே சொன்னதில்லை, உனக்கும் சொல்லப்போவதில்லை.

மிஸ் எதற்கு நன்றி சொல்கிறாள்? நான் எதற்குச் சரி என்றேன்? விழாவுக்கு வருவதற்கா? நீ கூப்பிட்டதே இந்தக் கடிதத்தில்தானே. சரி, வருகிறேன். உனக்காக வரவில்லை. அந்தச் சுவரில் இப்போது யார் படம் இருக்கிறது என்று பார்க்க வருகிறேன்.

சேதி தெரியுமா? கடிகாரக்காரர் போன வாரம் ஸ்டூலிலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. அந்த மனுஷனுக்கு யார் இருக்கிறார்கள்? நான்தான் எட்டிப் பார்க்கிறேன்.

கம்பளிச் சட்டை சேர்ந்ததா, இல்லையா? அதற்குப் பதிலே இல்லை.

பாட்டி

*

மார்ச் 9

ஊசி,

சுவரில் யார் படம் என்று பார்த்துவிட்டேன். என் படம்.

முதலில் எனக்குப் புரியவில்லை. கடிகாரக்காரர்தான் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் விறுவிறு என்று படியேறிப் போனவர் மேலே நின்று திரும்பிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. நான் உள்ளே நுழைந்தேன். அந்தக் கூடம் எங்கள் சாப்பாட்டு அறை. ஜன்னலை வைத்துத் தெரிந்துகொண்டேன். அதே சுவர். தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு பெண்பிள்ளையின் முதுகு. அடுப்புக்கு முன்னால் நிற்கிறாள். பச்சை ரவிக்கை, இடது தோளில் ஒட்டுத்துணி. யாரோ பாவம் ஒட்டுப்போட்டு உடுத்துகிறாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் ஒட்டுப்போட்ட தையலைப் பார்த்தேன். என் தையல்.

பக்கத்தில் எழுதியிருந்ததை நின்று எழுத்து எழுத்தாகப் படித்தேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். "இவர் தனியாக வாழ்கிறார். அடுப்பை அணைக்க மறந்துவிடுகிறார். சாவியை வைத்த இடம் மறந்துவிடுகிறார். சொன்னதையே மறுபடி சொல்கிறார்." அதற்குமேல் படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் நீந்தியது.

மறதியா? எனக்கா?

டை கட்டின ஒருவன் குனிந்து, "பாட்டி, இது யாருன்னு ஞாபகம் இருக்கா?" என்று குழந்தையிடம் கேட்கிற மாதிரிக் கேட்டான். "இருக்குப்பா. இந்த எடத்துல சென்ட்டு படம் இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்னை வேலையைவிட்டு அனுப்புனாங்க, அன்னிக்கு மழை, கேட்டுல நின்ன காவல்காரனுக்கு வலது கண்ணுல கட்டி. உனக்கு இன்னும் என்ன ஞாபகம் வேணும்?" என்றேன். அவன் போய்விட்டான். கூடமே திரும்பிப் பார்த்தது. நீயும் பார்த்தாய். ஓடிவந்து என் கையைப் பிடித்தாய். உதறினேன். அதை மட்டும் நானே உனக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

உங்கள் மிஸ் வந்து, "நீங்க சம்மதிச்சுத்தான போட்டோம்மா? உங்க கையெழுத்து இருக்கே" என்றாள். என் கையெழுத்து! உயிரோடு இருக்கிறவரைக்கும் எவனுக்கும் படித்துப் பார்க்காமல் குறி போடமாட்டேன் என்றிருக்கிறவள் நான். அவள் சொல்கிற காகிதத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. என் குறியை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். ஒரு வட்டமும் நாலு துளையும் போட உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சென்ட்டு அந்நியன். அவனை வெறுப்பது சுலபம். உனக்கு இந்தக் கைதானேடி தலை பின்னிவிட்டது?

கம்பெனிக்கு எழுதிவிட்டேன். அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை, என் படத்தை இறக்குங்கள், இந்தப் பெண் செய்த பொருளை வைத்து ஒன்றும் விற்காதீர்கள் என்று. நாளைக்குத் தபாலில் போகும்.

பதினேழாம் மிஷின்காரி

*

மார்ச் 15

பாட்டி,

உன் கடிதமும் கம்பெனிக்கு நீ எழுதினதும் ஒரே நாளில் வந்தன. மிஸ் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உன் புகாரை என் முன்னால் வைத்தார்கள். பிறகு, "கையெழுத்தை நீ போட்டியாம்மா?" என்றார்கள். இல்லை என்றேன். "அப்ப அவங்க ஏன் இப்படி எழுதணும்?" என்றார்கள். அதற்குப் பதில் எனக்குத் தெரியும் பாட்டி. சொல்லவில்லை. வரும் 24ஆம் தேதி திங்கட்கிழமை கம்பெனி ஆட்கள் உட்கார்ந்து பேசப்போகிறார்கள். கள்ளக் கையெழுத்து என்று முடிவானால் ஐந்து பேரிலிருந்து மட்டுமில்லை, வகுப்பிலிருந்தே எடுத்துவிடுவார்கள். மறுபடி சட்டைக் கடைதான்.

அதற்காக இதை எழுதவில்லை. உனக்குச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் சென்ட்டு ஆகிவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஜனவரி 11, மத்தியானம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய். காகிதத்தை நான் மூன்று தரம் படித்துக் காட்டினேன். நீதான் மூன்று தரம் என்றாய். கம்பெனிப் பேர் வந்ததும் என்னை நிறுத்தினாய். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாய். "அடுப்பை அணைக்க மறந்துவிடுகிறார்" என்ற வரி வந்ததும், இதை மட்டும் அடித்துவிடுகிறேன் என்றேன். "எழுது. பொய்யா? நேத்து பாத்திரம் கரியானதைப் பாத்துட்டு நான் அழுததை நீ பாக்கலையா?" என்றாய். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாய். "என் பேர் இருக்குமா?" இருக்கும் என்றேன். கம்பெனியில் ஒவ்வொரு சட்டைக் கட்டும் முடிய முடியக் கயிற்றில் பொத்தானை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிக் கணக்கு வைத்தது நீதானே, லீவுக்கு முன்னாடியே சொல்லியிருந்தாய். அந்த யோசனையைத்தான் எடுத்தேன். நீ சொன்னாய், "அப்ப போடு. அந்தக் கம்பெனிச் சுவத்துலயே போடு." குறி போட்டாய். சிரித்தாய் பாட்டி.

படத்துக்குப் பக்கத்துப் பலகையின் கடைசி வரியை நீ படிக்கவில்லை. அதில், "முதல் வடிவமைப்பாளர்" என்று போட்டு உன் பேர் இருக்கிறது. என் பேர் அதற்குக் கீழே.

ஆனால் என் மேல் தப்பு இருக்கிறது. கம்பெனிப் பேரைக் கேட்டு நீ பிப்ரவரியில் திகைத்தபோதே எனக்கு விளங்கியிருக்கணும். விளங்கியது. பயந்துபோய்ப் பேசாமல் இருந்துவிட்டேன். உன்னிடம் மறுபடி கேட்டிருக்கணும். அந்த முதுகுப் படத்தையும் உன்னிடம் காட்டாமல் வைத்தது நான்தான்.

காகிதத்தின் நகலை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். கூடவே நீ எனக்கு எழுதின நாலு கடிதங்களையும் திருப்பி அனுப்புகிறேன், இந்த வருஷத்து மூன்றும் நவம்பரில் எழுதினதும். கடிகாரக்கார மாமாவைப் பற்றி நீ எழுதின இடத்தை மட்டும் படி. அவர் கால் முறிந்தது அக்டோபரில். கட்டுப் பிரித்தே இரண்டு மாதம் ஆகிறது.

இதை எழுதினதற்கு என்னை மன்னித்துவிடு என்று கேட்கமாட்டேன். நீ மன்னிக்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

உன் ஊசி

*

மார்ச் 20

என் ஊசிக்கு,

உன் கவர் புதன்கிழமை காலையில் வந்தது. பிரித்ததும் முதலில் கையில் வந்தது அந்த நகல். உன் கடிதத்தைப் படிக்கும் முன்பே அதைப் பார்த்துவிட்டேன். பார்த்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

ரகசியத்தைச் சொல்கிறேன். இனி மறைத்து என்ன?

சென்ட்டு ஏமாற்றின பிறகு, என் குறியில் நாலு துளையில் ஒன்றைக் கறுப்படிப்பேன். மனசோடு போட்டால் மேலே இடது பக்கத் துளை. மனசில்லாமல் போட்டால் கீழே வலது பக்கத் துளை. என்றைக்காவது எவனாவது என் குறியைக் காட்டி நீதானே ஒத்துக்கொண்டாய் என்றால், எனக்காவது உண்மை தெரியணும் என்று வைத்தது. கம்பெனியில் என்னை அனுப்பிய காகிதத்தில் கீழே வலது. உன் அம்மா கல்யாணப் பதிவேட்டில் கீழே வலது. உன் அப்பனைப் பார்த்து இன்னும் அழுத்திக் கறுப்படித்தேன். மேலே இடது நான் போட்டது என் ஆயுசில் ஒரே ஒரு தரம், நீ பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டில். உலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் இது தெரியாது. பார்த்து எழுதுகிறவளுக்கு எந்தத் துளை என்று எப்படித் தெரியும்?

நீ அனுப்பின நகலில் மேலே இடது.

போட்டது நான்தான். மனசோடு போட்டிருக்கிறேன். ஊசி, நான் எவ்வளவு தேடியும் அந்த மத்தியானம் எனக்குக் கிடைக்கவில்லை. ஜன்னல் கிடைக்கிறது, தெரு கிடைக்கிறது, நீ உட்கார்ந்திருந்த நாற்காலி கிடைக்கிறது. நீ படித்தது கிடைக்கவில்லை. நான் சிரித்ததாக எழுதியிருக்கிறாய். எதற்குச் சிரித்தேன் என்று நான் உன்னிடம் கேட்கவேண்டியிருக்கிறது. காவல்காரன் கண்ணில் கட்டி இருந்தது தெரிகிறது, பெற்ற பெண்ணின் மகள் எதிரே உட்கார்ந்து மூன்று தரம் படித்தது தெரியவில்லை. இது என்ன அநியாயம்!

அப்புறம் என் கடிதங்களைப் படித்தேன். கடிகாரக்காரர் நாலு கடிதத்தில் மூன்றில் விழுந்திருக்கிறார். கீழே இறங்கிப் போய் அவர் கடை வாசலில் நின்றேன். அவர் எழுந்து வந்தார். காலைப் பார்த்தேன்.

"கால் எப்ப சரியாச்சு?"

"என்னம்மா, நீங்கதான கட்டுப் பிரிச்ச அன்னிக்கு எனக்கு டீ போட்டுக் குடுத்தீங்க."

"இதை நான் உங்ககிட்ட எத்தனை தரம் கேட்டிருக்கேன்?"

அவர் ஒரு கடிகாரத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. "எண்ணலைம்மா" என்றார்.

மேலே வந்தேன். கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது உன் துணி. சிவப்புப் பொத்தான் இடப்பக்கம் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே பாத்திரம்கூட இல்லை. எதற்குப் பற்றவைத்தேன் என்று தெரியவில்லை. அணைத்தேன். சிவப்பை வலப்பக்கம் தள்ளினேன். கை கொஞ்ச நேரம் அதன் மேலேயே இருந்தது.

உன் பொருள் வேலை செய்கிறது. இதை உன் மிஸ்ஸிடம் சொல்.

கம்பெனிக்கு இன்னொரு கடிதம் எழுதிவிட்டேன். தபாலை நம்பவில்லை. கடிகாரக்காரர் நாளைக்குக் காலை பஸ்ஸில் கொண்டுவருகிறார். திங்கட்கிழமைக்கு முன்னால் அவர்கள் கையில் இருக்கும். நான் என்ன எழுதினேன் என்று நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்தால் என்ன செய்வது? அதனால் உனக்கும் எழுதிவைக்கிறேன்:

"கம்பெனிக்காரர்களுக்கு, இந்த மாதம் நான் எழுதின புகார் தப்பு. காகிதத்தில் இருப்பது என் குறி. என் பேத்தி மூன்று தரம் படித்துக் காட்டி வாங்கினது. போட்டதை நான் மறந்துவிட்டேன். எனக்கு மறதி இருக்கிறது. இதையும் யாரும் சொல்லி எழுதவில்லை, நானே எழுதுகிறேன். படம் சுவரில் இருக்கட்டும். பொருளை விற்கலாம். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தையல் லைனில் ஓடின காந்தக்கோல் நான் செய்தது. பதினேழாம் மிஷின். ரேடியோ ஸ்பீக்கர் காந்தம், அடிஸ்கேல், காக்கித் துணி. முந்தாநாள் சாப்பிட்டதை மறப்பேன், இதை மறக்கமாட்டேன். மறதிக்காரி சொல்வதுதானே என்று தள்ளவேண்டாம்."

இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. "மறதி இருக்கிறது" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதினேன்.

உன்னைக் கள்ளி ஆக்கி எழுதினேன். அந்தக் கடிதம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கிழித்துப்போட எடுத்தேன். கிழிக்கவில்லை. கிழித்தால் அப்படி எழுதினதையும் மறந்துபோவேன், பிறகு உன்னிடம் வெட்கப்படவும் தெரியாது. பெட்டியில் வைத்திருக்கிறேன்.

முதுகைப் படம் எடுத்ததை மட்டும் மன்னிக்கவில்லை. அதுவும் அந்த ஒட்டுப்போட்ட ரவிக்கையோடு! பெட்டியில் நல்லது மூன்று இருக்கிறது. அடுத்த தரம் வரும்போது முகத்தை எடு, கேட்டுவிட்டு எடு. கேட்டது எனக்கு ஞாபகம் இல்லாவிட்டால் மறுபடி கேள். எத்தனை தரம் ஆனாலும் கேள். நானும் அத்தனை தரம் திட்டிவிட்டு நிற்கிறேன்.

உன் துணியில் ஒரு குறை இருக்கிறது, டிசைன்காரி. ஐந்து கயிறு போதாது. ஆறாவது ஒன்று தைத்திருக்கிறேன், நீலப் பொத்தான். உனக்குக் கடிதம் எழுதி அனுப்பினதும் அதைத் தள்ளுவேன். அது வலப்பக்கம் இருந்தால் சேதியெல்லாம் உனக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

கடிகாரக்காரரைப் பற்றி ஒரு சேதி எழுத வந்தேன். வேண்டாம், நிறுத்திக்கொள்கிறேன்.

கீழே என் குறி. எந்தத் துளை கறுப்பு என்று பார்த்துக்கொள். இனி அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். நான் மறந்தாலும் நீ சொல்லணும்.

உன் பாட்டி